சொட்டு மருந்து இல்லாமல் தூக்கமில்லை: இரவு மூக்கடைப்புக்கு என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 42. கடலூரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல் வரும். அதன் பிறகு பகல் முழுவதும் மூக்கு அதிகம் தொந்தரவு தருவதில்லை. இரவு படுத்த சற்று நேரத்தில் ஒரு பக்கம் அடைத்துக்கொள்கிறது. புரண்டு படுத்தால் அது திறந்து மறுபக்கம் அடைக்கிறது. நள்ளிரவில் வாய் உலர்ந்து, நாக்கு ஒட்டிக்கொண்டு விழித்துக்கொள்கிறேன். சென்ற தீபாவளி சமயத்தில் பிடித்த சளிக்கு மருந்துக்கடையில் மூக்கில் விடும் சொட்டு மருந்து ஒன்றைக் கொடுத்தார்கள். போட்ட சில நிமிடங்களில் மூக்கு திறந்தது. அன்று முதல் அது இல்லாமல் தூக்கமில்லை. ஒரு பாட்டில் முன்பு ஒரு மாதம் வந்தது. இப்போது பத்து நாள்கூட வருவதில்லை. ஆவி பிடித்தேன், தைலம் தேய்த்தேன், தூதுவளை ரசம் குடித்தேன். தலைக்குக் குளிப்பதால் நீர் கோத்துக்கொள்கிறது என்கிறார் அம்மா. மூக்கில் சதை வளர்ந்திருக்கும், ஆபரேஷன்தான் வழி, அதைச் செய்தாலும் திரும்ப வந்துவிடும் என்கிறார் நண்பர். பலமாகக் குறட்டை விடுகிறேன் என்று மனைவி சொல்கிறார். இரத்த அழுத்தத்துக்கு ஓராண்டாக மாத்திரை சாப்பிடுகிறேன். எட்டு வயது மகனும் வாயைத் திறந்தபடியே தூங்குகிறான். அவனுக்கும் இரண்டொரு முறை என் சொட்டு மருந்தையே விட்டேன். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

நீங்கள் மூக்கைப் பற்றி எழுதியதைவிட அந்தப் பாட்டிலைப் பற்றி எழுதிய இரண்டு வரிகள்தான் என் கண்ணில் முதலில் பட்டன. ஒரு மாதம் வந்த பாட்டில் இப்போது பத்து நாளில் தீர்கிறது என்றால், இன்றைக்கு உங்கள் மூக்கை அடைத்துக்கொண்டிருப்பதில் பெரும்பங்கு அந்த மருந்துக்கே உண்டு. தீபாவளிச் சளி அப்போதே போயிருக்கும். அதற்கு வாங்கிய மருந்துதான் தங்கிவிட்டது.

எப்படி என்று புரிந்துகொள்ள, மூக்கு ஏன் அடைக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மூக்கடைப்பு என்றதும் உள்ளே சளி கட்டிக்கொண்டிருப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதனால்தான் நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து, காது அடைக்கும்வரை மூக்கைச் சிந்துகிறார்கள், ஒன்றும் வருவதில்லை. வராததற்குக் காரணம், பெரும்பாலான இரவு அடைப்பு வீக்கம் என்பதுதான். மூக்கின் இரு பக்கச் சுவர்களிலிருந்தும் உள்நோக்கித் துருத்தியபடி டர்பினேட் என்னும் மடிப்புகள் இருக்கின்றன. நடுவில் எலும்பு, மேலே மென்மையான சவ்வு, இரண்டுக்கும் இடையே அடர்த்தியான இரத்த நாளங்கள். நாம் இழுக்கும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி நுரையீரலுக்கு அனுப்புவது இவற்றின் வேலை. அந்த நாளங்களில் இரத்தம் நிரம்பினால் மடிப்பு புடைத்து வழியை அடைக்கும். வடிந்தால் வழி திறக்கும். கண்ணாடி முன் நின்று டார்ச் அடித்துப் பார்ப்பவர்கள் "சதை வளர்ந்திருக்கிறது" என்று பயப்படுவது பல நேரங்களில் இந்த மடிப்பைப் பார்த்துத்தான். அது எல்லோருக்கும் பிறவியிலேயே உள்ள உறுப்பு.

இந்த வீக்கம் இரவில் கூடுவதற்குப் பல காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. படுத்ததும் தலைப் பகுதியிலுள்ள சிரைகளில் அழுத்தம் ஏறுகிறது. மூக்கின் நாளங்கள் நிரம்புகின்றன. உடலே சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் வீக்கத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கும். அது நள்ளிரவை ஒட்டித்தான் மிகவும் குறைந்திருக்கும். பகலில் நடமாடும்போது இரத்த நாளங்களை இறுக்கி வைத்திருக்கும் நரம்பு மண்டலமும் தூக்கத்தில் ஓய்ந்துவிடுகிறது. இவற்றோடு, ஒவ்வாமை உள்ளவர்கள் அந்த ஒவ்வாமைப் பொருளின் மீதே முகத்தை வைத்துப் படுக்கிறார்கள். தலையணையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

புரண்டு படுத்தால் அடைப்பு பக்கம் மாறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இது நோய் அல்ல. ஆரோக்கியமான மூக்கிலும் ஒரு நேரத்தில் ஒரு பக்கம் சற்றுப் புடைத்தும் மறுபக்கம் திறந்தும் இருக்கும்; சில மணி நேரத்துக்கு ஒருமுறை முறை மாறும். மேலை மருத்துவத்தில் 1895இல் கைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை விவரித்தார். நம் யோக மரபில் இடகலை, பிங்கலை என்றும் சரம் பார்த்தல் என்றும் இந்த மூச்சு மாற்றத்தை வெகு காலத்துக்கு முன்பே கவனித்திருக்கிறார்கள். யோகிகள் கக்கத்தில் கொடுத்துச் சாய்ந்திருக்கும் யோக தண்டத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கக் கக்கத்தை அழுத்தினால் எதிர்ப்பக்க நாசி திறக்கும் என்பதைப் பிற்காலத்தில் ஆய்வுக்கூடங்களில் அளந்தும் பார்த்துவிட்டார்கள். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் வல நாசி அடைத்து இட நாசி திறப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு. வீக்கம் இல்லாதவருக்கு இந்த மாற்றம் தெரிவதே இல்லை. உங்களுக்கு அடிப்படை வீக்கம் ஏற்கெனவே இருப்பதால், புடைக்கும் பக்கம் முழுவதும் மூடிக்கொள்கிறது.

இப்போது சொட்டு மருந்துக்கு வருகிறேன். பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். சைலோமெட்டாசோலின் அல்லது ஆக்சிமெட்டாசோலின் என்று போட்டிருக்கும். இரண்டும் இரத்த நாளங்களை நேரடியாகச் சுருக்குபவை. சில நிமிடங்களில் வழி திறக்கும். பல மணி நேரம் திறந்திருக்கும். கடும் சளியில் மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள் பயன்படுத்த நல்ல மருந்து. நானும் எழுதிக் கொடுப்பேன். அதற்கு மேல் போனால் நாளங்கள் மருந்துக்குப் பழகிவிடுகின்றன. மருந்தின் வேகம் இறங்கியதும் முன்பைவிட அதிகமாகப் புடைக்கின்றன. உடனே மறுபடி சொட்டு. கந்துவட்டிக்காரரிடம் வாங்கிய கடன் இதே வழியில்தான் வளரும். இன்றிரவுக்கு மூச்சைக் கொடுத்துவிட்டு, நாளை இரவு கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும். எங்கள் துறையில் இதற்கென்று ஒரு நோய்ப்பெயரே இருக்கிறது. மருந்தால் வரும் மூக்கழற்சி என்று அதைச் சொல்லலாம். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் என் புறநோயாளிப் பிரிவுக்கு எல்லா வாரமும் வருகிறார்கள். சிலர் சட்டைப் பையில் ஒன்று, பைக்கில் ஒன்று, தலையணைக்கு அடியில் ஒன்று என்று பாட்டில் வைத்திருப்பார்கள். ஆகவே நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. எத்தனை நாள் போட வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

இதிலிருந்து வெளியே வர முடியும். பெரும்பாலோருக்கு மூக்கின் உட்சவ்வு பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. ஆனால் முதல் சில இரவுகள் மோசமாக இருக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. முதலில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து, மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே ஒன்றைத் தொடங்குங்கள். புளூட்டிகசோன், மொமெட்டசோன் ஆகியவை வழக்கமாகத் தரப்படுபவை. அதைத் தொடங்கி ஒரு வாரம் ஆனதும் ஒரு நாசியில் மட்டும் சொட்டு மருந்தை நிறுத்துங்கள். மறு நாசியில் இரவு மட்டும் வழக்கம்போல் விட்டுக்கொள்ளலாம். மூச்சுவிட ஒரு வழி திறந்திருப்பதால் தூக்கம் முழுவதும் கெடாது. நிறுத்திய பக்கம் சில நாட்கள் கல்லாக அடைத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு வாரத்தில் தானே இளகத் தொடங்கும். அது நன்றாகத் திறந்த பிறகு அடுத்த நாசியிலும் நிறுத்திவிடுங்கள். மனவுறுதி உள்ள சிலர் இரண்டு பக்கமும் ஒரே நாளில் நிறுத்திவிடுகிறார்கள். அதுவும் சரியான வழிதான். ஆனால் மறுநாள் கடைக்குப் போய்க் கணக்கு எழுத வேண்டியவருக்கு முதல் வழியைத்தான் சொல்வேன்.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் வீட்டில் எதிர்ப்பு வரும். மாத்திரையாகவோ ஊசியாகவோ நீண்ட காலம் எடுக்கும் ஸ்டீராய்டுக்கு அந்தப் பயம் நியாயம். ஸ்பிரேயில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கில் ஒரு துளி. நான் சொன்ன இரண்டு மருந்துகளிலும் 2 சதவீதத்துக்கும் குறைவாகவே இரத்தத்தில் கலக்கிறது. இது சொட்டு மருந்தைப்போல் அடித்தவுடன் திறக்காது. சில நாட்களில் பலன் தெரியத் தொடங்கும். முழுப் பலனுக்கு இரண்டு வாரம்கூட ஆகலாம். மூன்றாம் நாளே "இது வேலை செய்யவில்லை" என்று தூக்கிப் போடுபவர்கள்தான் அதிகம்.

அடிக்கும் முறையிலும் பாதிப்பேர் தவறு செய்கிறார்கள். அண்ணாந்து பார்த்துக்கொண்டு, இரு நாசிகளையும் பிரிக்கும் நடுத்தண்டை நோக்கி அடித்து, சர்ரென்று உறிஞ்சுவார்கள். மருந்து தொண்டைக்குப் போகிறது. நடுத்தண்டு புண்ணாகி இரத்தம் கசிகிறது. தலையைச் சற்றே குனியுங்கள். வலக் கையால் இட நாசிக்கும் இடக் கையால் வல நாசிக்கும் அடியுங்கள். அப்படிப் பிடித்தால் முனை தானாகவே வெளிப்பக்கம், அதாவது அந்தப் பக்கக் காதை நோக்கித் திரும்பும். அடிக்கும்போது மெதுவாக மூச்சை இழுத்தால் போதும். தொண்டையில் மருந்துச் சுவை தெரிந்தால் வேகமாக இழுத்துவிட்டீர்கள் என்று பொருள். கண் அழுத்த நோய் அல்லது கண்புரை இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஸ்பிரே அடிப்பதற்கு முன் உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்லது. யோகப் பயிற்சியில் ஜலநேதி என்று செய்வதும் இதுதான். கால் லிட்டர் தண்ணீருக்குத் தட்டையாக அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. உப்பு குறைந்தாலும் கூடினாலும் எரியும். சரியாக இருந்தால் எரிச்சலே தெரியாது. மருந்துக்கடையில் இதற்கென்றே கிடைக்கும் பொடிப் பொட்டலத்தையும் வாங்கிக்கொள்ளலாம். தண்ணீர் விஷயத்தில் மட்டும் சலுகை கிடையாது. நன்றாகக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீராக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது, ஆர்.ஓ. இயந்திரத்தில் பிடித்ததும், கேன் தண்ணீரும் கொதிக்காமல் கூடாது. நெக்லேரியா என்ற அமீபா மூக்கு வழியாக மூளைக்கு ஏறக்கூடியது. கேரளத்தில் 2024இல் நீர்நிலைகளில் குளித்த பிள்ளைகள் இத்தகைய அமீபாவால் இறந்த செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 2011இல் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இருவர் நெக்லேரியாவால் இறந்தார்கள். மிக அரிதான நோய்தான். ஆனால் வந்தால் பிழைப்பவர்கள் மிகச் சிலர். தவிர்ப்பதற்கோ ஒரு பாத்திரமும் அடுப்பும் போதும். கழுவும் பாத்திரத்தையும் அவ்வப்போது கொதிநீரில் சுத்தம் செய்து உலரவிடுங்கள். படுக்கப் போகும் நேரத்தில் கழுவினால் மிச்சத் தண்ணீர் தொண்டையில் இறங்கி இருமவைக்கும். ஒரு மணி நேரம் முன்னதாக முடித்துவிடுவது வசதி.

சொட்டு மருந்தை நிறுத்திய பிறகும் கொஞ்சம் அடைப்பு மிஞ்சும் என்று நினைக்கிறேன். உங்கள் காலைத் தும்மல்தான் காரணம். எழுந்ததும் வரிசையாகத் தும்மல், பிறகு நாள் முழுவதும் அமைதி என்பது படுக்கையிலுள்ள தூசுப்பூச்சி ஒவ்வாமையில் அடிக்கடி காணும் வரலாறு. தூசுப்பூச்சி என்பது கண்ணுக்குத் தெரியாத, ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கே உள்ள உயிர். நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகளைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிறது. கடிப்பதில்லை, அதன் கழிவுதான் நமக்கு ஒவ்வாமை. அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தையே உறிஞ்சிக்கொள்கிறது. கடலோர ஊரின் ஈரக்காற்று அதற்கு மிகவும் ஏற்றது. அதனால் வீடு முழுவதும் அதை ஒழிக்கும் முயற்சியில் இறங்காதீர்கள், தோற்றுப்போவீர்கள். தலை வைக்கும் இடத்தை மட்டும் பாருங்கள். பல ஆண்டு பழகிய இலவம்பஞ்சுத் தலையணையை மாற்றிவிடுங்கள். உறைகளையும் விரிப்பையும் போர்வையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி அளவுக்குச் சூடான நீரில் ஊறவைத்துத் துவையுங்கள். வெறும் குளிர்ந்த நீரில் அலசினால் பூச்சி சாகாது. மெத்தையை நல்ல வெயிலில் போட்டுத் தட்டலாம்; தட்டுவது நீங்களாக இருக்கக் கூடாது. மெத்தையை விட்டுப் பாயில் படுக்க உடல் இடம் கொடுத்தால் இன்னும் நல்லது. பாயைத் துடைக்கலாம், சுலபமாகக் காயவைக்கலாம்.

கொசுவத்தி பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் கடலூரில் இருந்துகொண்டு ஏற்றாமல் இருப்பீர்கள் என்று நான் நம்பவில்லை. ஒரு கொசுவத்திச் சுருள் முழுவதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகள்களின் எடை, 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிந்தால் வருவதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. கதவைச் சாத்திக்கொண்டு அந்த அறையில் எட்டு மணி நேரம் படுத்திருந்துவிட்டு, காலையில் தலைக்குக் குளித்ததைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை. டெங்கு பயமும் உண்மையானது என்பதால் கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். அதையும் அவ்வப்போது துவையுங்கள். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியைப் படுக்கையறைக்குக் கொண்டுவராமல் கூடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏ.சி. இருந்தால் அதன் வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். காற்று நேராக முகத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் கருத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். தலைக்குக் குளிப்பதால் தலைக்குள் நீர் இறங்குவதற்கு வழியே இல்லை. ஆனால் குளிர்ந்த நீரும் ஈரத் தலையில் படும் காற்றும் ஏற்கெனவே புண்பட்ட மூக்கைத் தூண்டிவிடும். தும்மலும் நீரும் வரும். அம்மா கண்டது உண்மைதான், காரணம் மட்டும் வேறு. வெந்நீரில் குளித்துத் தலையை நன்றாகத் துவட்டினால் இருவருக்கும் சமாதானம். தயிர், வாழைப்பழம் ஆகியவற்றை நிறுத்துவதால் இந்த அடைப்பு மாறாது. மிளகு ரசமும் தூதுவளை ரசமும் சூடாகக் குடித்தால் சிறிது நேரம் இதம் தரும், அதை நான் தடுக்க மாட்டேன். மது அருந்தும் பழக்கம் இருந்தால், அது மூக்கையும் குறட்டையையும் ஒருசேரக் கெடுக்கும்.

தைலம் தேய்த்ததும் மூக்கு திறந்ததுபோல் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதிலுள்ள மெந்தால், குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. காற்று தாராளமாகப் போவதாக மூளை எடுத்துக்கொள்கிறது. கருவி வைத்து அளந்தால் அடைப்பு அப்படியே இருக்கும். உங்கள் வயதில் அந்த மாயத்தோடு தூங்கிப்போனால் நட்டமில்லை. மூக்குக்குள் மட்டும் தடவ வேண்டாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தைலமும் கற்பூரமும் அறவே கூடாது. மூச்சு தடைப்படும் ஆபத்தும், கற்பூரத்தால் வலிப்பு வரும் ஆபத்தும் உண்டு. கைக்குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அந்த எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கி நிமோனியாவை உண்டாக்கும்.

ஆவி பிடிப்பது சுகமானது. அடைப்பை நீண்ட நேரம் மாற்றும் என்பதற்குத் திடமான ஆதாரம் இல்லை. நொச்சி இலை போட்டாலும் மஞ்சள் தூள் போட்டாலும் இதே பதில்தான். கொதிக்கும் பாத்திரத்தைத் தரையில் வைத்துப் போர்வைக்குள் குனிவதைத்தான் நான் எதிர்க்கிறேன், அதுவும் எட்டு வயதுப் பையன் ஓடியாடும் வீட்டில். பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்து வரும் பிள்ளைகளைத் தீக்காயப் பிரிவில் பார்க்கிறவர்களுக்கு ஆவி என்றாலே கோபம் வரும். படுக்கும் முன் வெந்நீரில் குளித்தால் அதே இதம் கிடைக்கும்.

மருந்துக்கடையில் "சளி மாத்திரை" கேட்டு வாங்காதீர்கள், குறிப்பாக நீங்கள். அவற்றில் பல, இரத்த நாளங்களைச் சுருக்கும் பினைலெப்ரின் என்ற மருந்து கலந்தவை. மாத்திரையாக விழுங்கும் பினைலெப்ரின் மூக்கடைப்புக்குப் பயன்படவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. மூக்கைத் திறப்பதற்கென்று விழுங்கும் மருந்துகளில் சில இரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடியவை. சொட்டு மருந்தும் அளவு மீறும்போது அழுத்தத்தைப் பாதிக்கலாம். எனவே மாதக்கணக்கில் அதைப் பயன்படுத்தியதை உங்கள் அழுத்த மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சில அழுத்த மருந்துகளே மூக்கடைப்பைத் தரும். பிரசோசின் அதில் ஒன்று. மாத்திரைச் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். தும்மலும் அரிப்பும் அதிகமானால் லீவோசெட்டிரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரை உதவும். அடைப்புக்கு அதன் உதவி சொற்பம்.

சொட்டு மருந்தை நிறுத்தும் அந்த முதல் இரவுகளுக்குச் சில உபாயங்கள். தலைப்பக்கத்தை உயர்த்துங்கள். இரண்டு மூன்று தலையணைகளை அடுக்கினால் கழுத்து மடங்குமே தவிர மார்பு உயராது. மெத்தைக்கு அடியில், முதுகின் மேற்பகுதியும் சேர்ந்து உயரும்படி சாய்வு கொடுங்கள், அல்லது கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு மரக்கட்டை வையுங்கள். அடைத்த பக்கம் மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுங்கள். சற்று நேரத்தில் அது இளகும். இரவு உணவைச் சீக்கிரம் முடித்துவிட்டு வேகமாக ஒரு நடை போய்வாருங்கள். உடற்பயிற்சி மூக்கின் நாளங்களைத் தானே சுருக்கும், பக்கவிளைவு இல்லாமல். மூக்கின் மேல் ஒட்டும் பட்டைகள் சிலருக்கு நன்றாக உதவுகின்றன. உங்களுக்கு உதவுமா என்று முன்கூட்டியே பார்க்கலாம்: கன்னத்தில் மூக்கை ஒட்டி விரலை வைத்து வெளிப்பக்கமாக இழுத்து மூச்சுவிடுங்கள், சட்டென்று காற்று தாராளமாக வந்தால் பட்டை பயன்படும். வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு தூங்கச் சொல்லும் காணொளிகள் இப்போது சுற்றுகின்றன. மூக்கு அடைத்தவர் அதைச் செய்வது ஆபத்து.

ஆபரேஷன் பற்றி இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம். சொட்டு மருந்தால் வீங்கிய மூக்கை வைத்து யாரும் சரியான முடிவு எடுக்க முடியாது. ஸ்பிரேயை ஒழுங்காக அடித்து இரண்டு மூன்று மாதம் ஆன பிறகும் ஒரே பக்கம் விடாமல் அடைத்திருந்தால், நடுத்தண்டு வளைந்திருக்கிறதா என்று எண்டாஸ்கோப் என்னும் குழாய்க் கருவியால் பார்ப்பார்கள். வளைவு சிறிதளவு பலருக்கும் இருக்கும். தொந்தரவு தந்தால் மட்டும் நேராக்கினால் போதும். நேராக்கிய தண்டு மறுபடி வளைவது அரிது. நண்பர் சொன்னது வேறு நோய்க்குப் பொருந்தும். பாலிப் என்னும் நீர்ச்சதை அகற்றிய பிறகும் திரும்ப வளரக்கூடியது. டர்பினேட்டைச் சுருக்கும் சிகிச்சைக்குப் பிறகும் ஒவ்வாமையைக் கவனிக்காவிட்டால் வீக்கம் திரும்பும். பாலிப் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் வாசனை தெரிவது குறைந்துவிடும். காப்பி மணம் தெரிகிறதா என்று மருத்துவர் கேட்டால் காரணம் அதுதான்.

குறட்டையை உங்கள் மனைவி குறையாகச் சொல்கிறார். எனக்கு அது ஒரு தகவல். 42 வயது, இரத்த அழுத்தம், பலமான குறட்டை ஆகிய மூன்றும் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அவரிடம் ஒன்று கேளுங்கள்: குறட்டை நடுவில் திடீரென்று நின்று, சில நொடிகள் நிசப்தமாகி, பிறகு திணறலோடு மறுபடி தொடங்குகிறதா? உங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள்: காலையில் தலைவலிக்கிறதா, மதியம் கணக்குப் புத்தகத்தின் மேலேயே கண் செருகுகிறதா, வண்டி ஓட்டும்போது அசந்திருக்கிறீர்களா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் தூக்க ஆய்வு செய்துகொள்ளுங்கள். இது மூச்சும் இரத்த ஆக்சிஜனும் இரவு முழுவதும் எப்படி இருக்கின்றன என்று பதிவு செய்யும் சோதனை, வலி கிடையாது. மூக்கைத் திறப்பது மட்டும் இந்த நோயைத் தீர்க்காது. தீர்க்காவிட்டால் உங்கள் அழுத்த மாத்திரையும் ஒழுங்காக வேலை செய்யாது.

மகனுக்கு உங்கள் சொட்டு மருந்தை இனி விடாதீர்கள். பெரியவர்களுக்கான சைலோமெட்டாசோலின் 0.1 சதவீதம், குழந்தைகளுக்கானது அதில் பாதி, அதுவும் மருத்துவர் சொன்னால் மட்டும். பாட்டிலை அவன் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். சிறு குழந்தைகள் இந்த வகை மருந்தை 1 முதல் 2 மில்லி விழுங்கினாலே நினைவு மங்கி, இதயத் துடிப்பு குறைந்து மருத்துவமனையில் சேர்க்க நேரிடலாம். வீட்டில் நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: குளோர்பெனிரமின் என்ற ஒவ்வாமை மருந்தும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை அந்த வயதில் கொடுக்கக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் அறிவுறுத்தியிருக்கிறது. எட்டு வயதில் வாயைத் திறந்து தூங்குகிறான் என்றால் மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு என்னும் சதை பெரிதாகியிருக்கலாம், அல்லது உங்கள் ஒவ்வாமையே அவனுக்கும் வந்திருக்கலாம். குறட்டை, படுக்கையில் புரளுதல், வகுப்பில் கவனம் சிதறுதல், அடிக்கடி காது வலி ஆகியவை இருக்கின்றனவா என்று கவனித்து எழுதிவையுங்கள். உங்களுக்குப் பார்க்கும் நாளிலேயே அவனையும் கூட்டிப்போகலாம்.

அந்த நாள் வரை காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. ஒரே பக்கம் அடைத்து இரத்தம் கலந்து வருவது, கண்ணைச் சுற்றி வீங்குவது, பார்வை இரட்டையாகத் தெரிவது, கடும் காய்ச்சலோடு தலைவலி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் உடனே போங்கள். சர்க்கரை நோயாளிக்கு மூக்கில் கறுப்பாகப் பொருக்கு கட்டினால் அன்றைக்கே போக வேண்டும். 2021இல் கருப்புப் பூஞ்சை உடலுக்குள் எவ்வளவு வேகமாகப் பரவியது என்பதைப் பார்த்தோம். சிறு பிள்ளைக்கு ஒரு நாசியில் மட்டும் நாற்றத்தோடு சளி வடிந்தால் உள்ளே எதையோ போட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அது பொத்தான் பேட்டரியாக இருந்தால் சில மணி நேரத்திலேயே திசுவை அரித்துவிடும்.

உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். போகும்போது சொட்டு மருந்துப் பாட்டில், அழுத்த மாத்திரைச் சீட்டு, அண்மையில் எடுத்த இரத்த அழுத்த அளவுகள் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். எத்தனை மாதமாகச் சொட்டு விடுகிறீர்கள் என்று கேட்டால் குறைத்துச் சொல்லாதீர்கள்.